கடலும் எலும்பும் தோலும்: திபெத்திய அணிகலன்களில் விலங்குவழிப் பொருள்களின் குறியீடு

முன்னுரை

திபெத்திய அணிகலன்கள் பற்றிய நூல்களிலும் அருங்காட்சியக விளக்கக் குறிப்புகளிலும் ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காணலாம். பவளம் உயிராற்றலைக் குறிக்கும்; சங்கு அறத்தின் ஒலியைக் குறிக்கும்; முத்து தூய்மையைக் குறிக்கும்; எலும்பு நிலையாமையைக் குறிக்கும்; புலித்தோல் வீரத்தைக் குறிக்கும் என்பதாக அப்பட்டியல் அமைகின்றது. இடப்பக்கம் ஒரு பண்டம், வலப்பக்கம் அதற்குரிய கருத்து என அகராதிபோல் அமையும் இம்முறையைப் ‘பட்டியல்முறைக் குறியீட்டியல்’ என இக்கட்டுரை சுட்டுகிறது.

இப்பட்டியல்கள் முற்றிலும் பிழையானவை அல்ல. ஆயின் அவை மூன்று வினாக்களுக்கு விடை தருவதில்லை. கடலுக்கு நெடுந்தொலைவில், சராசரியாக 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் வாழும் மக்கள் தம் மிகச் சிறந்த அணிகளைக் கடல்வாழ் உயிர்களின் உடற்பொருளால் ஆக்கிக்கொண்டது ஏன்? கொல்லாமையை முதல் ஒழுக்கமாகக் கொண்ட சமயம் பயிலும் நாட்டில் உயிரினங்களின் ஓடும் எலும்பும் தோலும் நகமும் சிறப்பிடம் பெற்றது எவ்வாறு? அவற்றுள் ஒருவகைப் பொருளை மட்டும், அதை அணிந்த மக்களே 2006ஆம் ஆண்டில் தீயிலிட்டது எதனால்?

பொருளின் குறியீடு அப்பொருளுக்குள்ளேயே உறைகிறது என்று கொண்டால் இவ்வினாக்களுக்கு விடை கிட்டாது. ஒரு விலங்குவழிப் பொருள் அதை அணிபவரின் கண்ணுக்கு அவ்வுயிரின் இறப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறதோ, அத்தொலைவே அதன் குறியீட்டை உருவாக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கடற்பொருள், எலும்பு, தோல் என்னும் மூவகைகளை முறையே எடுத்துக்கொண்டு இக்கருதுகோள் இங்கு ஆராயப்படுகிறது.

வகைப்பாட்டில் எழும் சிக்கல்

‘விலங்குவழிப் பொருள்’ என்னும் வகைப்பாடே இன்றைய உயிரியல் நோக்கிலிருந்து வருவது. நுண்ணிய கடலுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து உருவாக்கிய சுண்ணாம்புச் சட்டகம் பவளம் என்பதை நாம் அறிவோம். திபெத்திய மரபு அதனை ‘ஜுரு’ என வழங்கி, பொன், வெள்ளி, முத்து ஆகியவற்றோடு மணி வகையுள் வைத்து எண்ணுகிறது. அம்பர் என்னும் புதைபடிவப் பிசின் மரத்திலிருந்து தோன்றியது. டர்க்காய்ஸ் எனும் பசுநீலக் கல் மண்ணிலிருந்து கிடைப்பது. ஒரே கழுத்துச்சரத்தில் இம்மூன்றும் அடுத்தடுத்துக் கோக்கப்படும்போது, ஒன்று உயிருடையது, ஒன்று மரத்தது, ஒன்று கல் என்னும் வேறுபாடு அணிபவர் மனத்தில் எழுவதில்லை. மூன்றும் மணிகளே.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் உண்டு. திபெத்தியர் மிக உயர்வாக மதிக்கும் ‘ஸீ’ மணி, கோடுகளும் வட்டக் கண்களும் பொறிக்கப்பட்ட அகேட் கல்லாகும். உயிரியல்படி அது வெறும் கனிமம். எனினும் இம்மணிகள் முன்னொரு காலத்தில் ஊர்ந்து திரிந்த பூச்சிகளாக இருந்தன என்றும், மனிதர் கை பட்டதும் கல்லாகிவிட்டன என்றும் நாட்டார் வழக்குகள் கூறுகின்றன. ஆஸ்திரிய இனவரைவியல் அறிஞர் நெபெஸ்கி-வொய்கோவிட்ஸ் 1952ஆம் ஆண்டில் இம்மணிகள் பற்றி எழுதிய கட்டுரையில் இத்தகைய நம்பிக்கைகளைப் பதிவு செய்துள்ளார். உயிராக இருந்த பவளம் இங்குக் கல்லாகக் கருதப்படுகிறது. கல்லாகவே இருந்த ஸீ உயிராகக் கருதப்படுகிறது. உயிரியல் வகைப்பாட்டைத் திபெத்தியக் குறியீட்டின்மேல் அப்படியே ஏற்றிவிட இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பௌத்த ஓவியங்களில் இடம்பெறும் பேரரசனுக்குரிய ஏழு மணிச்சின்னங்களும் இவ்விடத்தில் கருதத்தக்கவை. அரசனின் குண்டலம், அரசியின் குண்டலம், குறுக்கிட்ட மணி, முக்கண் மணி ஆகிய நான்குடன் யானைத் தந்தம், ஒற்றைக் கொம்பு, பவளக் கிளை ஆகிய மூன்றும் சேர்ந்து ஏழாகின்றன. யானையின் பல்லும் விலங்கின் கொம்பும் கடலுயிரின் சட்டகமும் ‘மணி’ என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. அவை எவ்வுயிரிலிருந்து, எவ்வாறு பெறப்பட்டன என்பதை அப்பெயர் மறைத்துவிடுகிறது. இந்த மறைப்பைக் குறியீட்டின் குறையாகக் கொள்வதைவிட, அதன் முதற்பணியாகக் கொள்வதே பொருத்தமுடையது.

கடல் தந்த மணிகள்

பவளம், சங்கு, முத்து ஆகிய மூன்றும் திபெத்துக்குத் தொலைவிலிருந்து வந்தவை. செம்பவளத்தின் முதன்மையான ஊற்று மத்தியதரைக் கடல். 13ஆம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ, திபெத்தில் பவளத்திற்கு இருந்த பெருமதிப்பையும், மக்கள் அதனைத் தம் பெண்டிர்க்கும் தெய்வத் திருமேனிகளுக்கும் அணிவித்து மகிழ்ந்ததையும் குறிப்பிட்டுள்ளார். இத்தாலியக் கரையில் எடுக்கப்பட்ட பவளம் நடு ஆசிய வணிகர், காஷ்மீர வணிகர், ஆர்மீனிய வணிகர் எனப் பலர் கைமாறி லாசாவின் சந்தையை அடைந்தது. ஐரோப்பியக் கம்பெனிகளின் காலத்தில் இந்தியத் துறைமுகங்கள் இவ்வணிகத்தில் முக்கிய இடம் பெற்றன. 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்த யூத வணிகர் சென்னைக்குப் பவளம் அனுப்பி, ஈடாக வைரம் பெற்றனர். சென்னை முத்தியால்பேட்டையில் இன்றும் வழங்கும் பவளக்காரத் தெரு என்னும் பெயர் அவ்வணிகத்தின் எச்சமாகும். அங்கு இறங்கிய பவளமே திபெத்துக்குச் சென்றது என்று இதனைக் கொண்டு முடிவுகட்டலாகாது. எனினும் இமயத்திற்கு அப்பால் ஒரு மேய்ச்சல்நிலப் பெண்ணின் கூந்தலில் இருந்த பவளம் எத்தகைய உலகளாவிய வணிக வலையின் ஒரு கண்ணி என்பதை இது உணர்த்தும்.

சங்கின் பயணம் தமிழாய்வாளர்க்கு இன்னும் நெருக்கமானது. திபெத்திய மொழியில் ‘துங்’ எனவும், வெண்சங்கு ‘துங்கர்’ எனவும் வழங்கும். எட்டு மங்கலச் சின்னங்களுள் வலமாகச் சுழித்த வெண்சங்கும் ஒன்று. தமிழில் வலம்புரி எனப் பெயர்பெற்ற அதே சங்கு இது. திருச்சங்காகப் போற்றப்படும் இவ்வினம் இந்தியாவையும் இலங்கையையும் சூழ்ந்த கடற்பகுதிக்கே உரியது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தல் நெடுங்காலத் தொழில். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியத் திருச்சங்கு பற்றிய நூல், இத்தொழிலையும் வங்கத்தோடு அதற்கிருந்த வணிக உறவையும் விரிவாக ஆராய்கிறது. தூத்துக்குடிப் பகுதியில் எடுக்கப்பட்ட சங்கு வங்கத்துக்குச் சென்றது. டாக்கா முதலிய ஊர்களில் அறுக்கப்பட்டு வளையாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு மணி வணிகர் தவெர்னியே, டாக்காவிலும் பாட்னாவிலும் ஆமையோட்டாலும் கடற்சங்காலும் வளையல் செய்வோர் இரண்டாயிரவருக்கு மேற்பட்டிருந்தனர் என்றும், அவ்வளையல்கள் பூட்டான், அசாம் முதலிய வடக்கு, கிழக்கு நாடுகளுக்குச் சென்றன என்றும் எழுதியுள்ளார். அவர் பூட்டான் என்று குறிப்பிடும் நிலப்பரப்பு இன்றைய பூட்டானைவிட விரிந்தது, திபெத்தையும் தழுவியது என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

லடாக்கிலும் நடுத்திபெத்திலும் பெண்கள் மணிக்கட்டில் சங்கு வளை அணியும் வழக்கம் பரவலாக இருந்தது. இறந்தபின் செல்லும் இருண்ட வழியில் அதன் வெண்மை வழிகாட்டும் என்னும் நம்பிக்கையும் பதிவாகியுள்ளது. இந்நம்பிக்கையைப் பட்டியல்முறைக் குறியீட்டியல் விளக்க இயலாது. ‘சங்கு அறத்தின் ஒலி’ என்னும் பட்டியற் கருத்து, ஊதப்படும் முழுச்சங்குக்கே பொருந்தும். அறுத்து வளையாக்கிய சங்கில் ஒலியில்லை. ஒலி போனபின் எஞ்சுவது வெண்மையே. அவ்வெண்மை ஒளியாகக் கொள்ளப்பட்டு, பெண்ணின் இறப்போடு இணைக்கப்படுகிறது. ஒரே உயிரின் ஓடு, மடத்தின் முற்றத்தில் ஒரு குறியீடாகவும் பெண்ணின் கையில் வேறொரு குறியீடாகவும் அமைகிறது. பொருள் ஒன்று, பயன்பாடு இரண்டு, குறியீடும் இரண்டு.

முத்தைக் குறிக்கும் ‘முதிக்’ என்னும் திபெத்தியச் சொல்லே அப்பொருள் தென்திசையிலிருந்து வந்ததைக் காட்டும். முக்தா என்னும் வடசொல்லோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. லாசாவின் உயர்குடிப் பெண்டிர் விழாநாள்களில் சூடிய தலையணியில் சிறுமுத்துகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருந்தன. அவ்வணி குடும்பத்தின் நிலையையும் கணவனின் பதவியையும் ஊருக்கு அறிவித்தது. இங்கு முத்தின் ‘தூய்மை’யைவிட அதன் அருமையும் விலையுமே பேசின.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கடலைக் காணாத மக்களுக்குச் சங்கினுள் வாழ்ந்த உயிரோ, பவளத்தைக் கட்டிய உயிரோ காட்சிப் பொருளன்று. கடல் அவர்களுக்கு நாகர்கள் காக்கும் செல்வம் உறையும் இடம். அங்கிருந்து வருவது செல்வமாகவே வரும், உடலாக வருவதில்லை. தொலைவு இங்கு இறப்பைத் துடைத்துவிடுகிறது. எனவேதான் கொல்லாமை பயிலும் சமயச் சூழலில் இவை எவ்விதத் தயக்கமுமின்றி மணிகளாயின. பவளமும் முத்தும் திபெத்திய மருத்துவத்தில் ‘ரின்சென்’ எனப்படும் அரிய மாத்திரைகளில் சேர்க்கப்படுவதும், பவளத்தின் பெயராலேயே ஒரு மாத்திரை வழங்குவதும் இம்மணித்தன்மையின் நீட்சியே. கழுத்தில் அணிந்தாலும் மருந்தாக உட்கொண்டாலும் அவை உடலைக் காப்பவை என்றே கருதப்பட்டன.

செபமாலையும் நிறமும்

திபெத்திய பௌத்தத்தில் துறவிகள் அணிகலன் பூணலாகாது. ஆயினும் 108 மணிகள் கொண்ட செபமாலை துறவியின் கையிலும் இல்லறத்தாரின் கழுத்திலும் ஒருங்கே காணப்படுகிறது. பொருளுக்கும் குறியீட்டுக்கும் உள்ள உறவு நூல்வழியே வரையறுக்கப்பட்ட இடம் இது. தாந்திரிகச் சடங்குகள் நால்வகைச் செயல்களாகப் பகுக்கப்படுகின்றன: சாந்தப்படுத்தல், பெருக்குதல், வசப்படுத்துதல், அழித்தல். சாந்தப்படுத்தும் சடங்குக்குச் சங்கு, முத்து, பளிங்கு ஆகியவற்றால் ஆன வெண்மாலைகள். வசப்படுத்தும் சடங்குக்குப் பவளம், செஞ்சந்தனம் ஆகியவற்றால் ஆன செம்மாலைகள். அழித்தல் சடங்குக்கு எலும்பு மாலைகள் எனப் பொதுவாக வகுக்கப்படும்.

இவ்வகுப்பை ஊன்றி நோக்குக. சங்கும் பளிங்கும் ஒரு வகுப்பில் நிற்கின்றன; ஒன்று உயிரின் ஓடு, மற்றொன்று கல். பவளமும் சந்தனமும் ஒரு வகுப்பில் நிற்கின்றன. ஒன்று கடலுயிர், மற்றொன்று மரம். இவற்றை இணைப்பது நிறமேயன்றித் தோற்றுவாயன்று. எலும்பு மட்டுமே இவ்விதியிலிருந்து விலகி நிற்கிறது. வெண்ணிறமுடையதாயினும் அது வெண்மாலை வகுப்பில் சேர்க்கப்படவில்லை. ஏனெனில் எலும்பு யாருடைய உடலிலிருந்து வந்தது என்பதை யாரும் மறக்க இயலாது. அதன் நிறத்தைவிட அதன் பிறப்பு வலிமையாகப் பேசுகிறது.

டார்ஜிலிங் பகுதியில் ஆங்கிலேய மருத்துவ அதிகாரியாக இருந்த வாடெல், 1895இல் வெளியிட்ட திபெத்திய பௌத்தம் பற்றிய நூலில் செபமாலைகளின் வகைகளை விரிவாகப் பட்டியலிட்டுள்ளார். மனித மண்டையோட்டுத் துண்டுகள், பாம்பின் முதுகெலும்பு, யானையின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும் கல்போன்ற பொருள் எனப் பலவற்றை அவர் குறிப்பிடுகிறார். தகவல் என்ற அளவில் இப்பட்டியல் இன்றும் பயனுடையது. ஆயின் அவர் நோக்கு, இம்மரபைத் தூய பௌத்தத்தின் சிதைவாகவும் பேய்வழிபாட்டின் கலப்பாகவும் காண்பது. எலும்பு மாலை அவருக்கு விந்தையாயிற்று. அது ஏன் வெண்மாலையினின்று விலக்கி வைக்கப்பட்டது என்னும் வினா அவருக்கு எழவில்லை. பிற்கால நூல்கள் வாடெலின் இகழ்ச்சியைக் கைவிட்டன. ஆயின் அவருடைய பட்டியலைக் கைவிடவில்லை. இகழ்ச்சி இருந்த இடத்தில் வியப்பு வந்து அமர்ந்தது. முறை மாறவில்லை.

எலும்பணிகள்: காட்டப்படும் இறப்பு

கடல்மணிகளில் இறப்பு மறைக்கப்படுகிறது என்றால், எலும்பணிகளில் இறப்பு வேண்டுமென்றே காட்டப்படுகிறது. தாந்திரிகத் தெய்வங்களும், அத்தெய்வங்களாகத் தம்மைப் பாவித்துச் சடங்காடும் பயிற்சியாளரும் பூணும் அணிகள் ஆறு எனக் கூறப்படும். மகுடம், குண்டலம், கழுத்தணி, கைகால்களுக்குரிய வளைகள், இடையணி அல்லது மார்புக் குறுக்கணி, உடலில் பூசும் சாம்பல் என அவை அமையும். மனித எலும்பில் நுட்பமாகச் செதுக்கி, மணிச்சரங்களால் வலைபோல் இணைத்த இடையாடைகள் உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் உள்ளன.

இவ்வணிகளுக்குத் தரப்படும் விளக்கம் ஒன்றன்று. ஆறணிகளும் ஈகை முதலிய ஆறு பாரமிதைகளைக் குறிக்கும் என்பது ஒரு விளக்கம். ஹேவஜ்ர தந்திர மரபில் அணிகள் ஐந்தும் ஐந்து புத்தர்களோடு இணைக்கப்படுகின்றன: மகுடம் அக்ஷோப்யர், குண்டலம் அமிதாபர், கழுத்தணி ரத்னசம்பவர், கைவளை வைரோசனர், இடையணி அமோகசித்தி. ஒரே எலும்பு வளை ஒரு விளக்கத்தில் ஒழுக்கப் பண்பாகவும் மற்றொன்றில் புத்தராகவும் நிற்கிறது. எனவே ‘எலும்பு = நிலையாமை’ என்னும் சமன்பாடு போதாது. நிலையாமை என்பது எலும்பு தரும் தொடக்கமே; அதன்மேல் சடங்கு தன் முறைக்கேற்பப் பிற கருத்துகளைக் கட்டி எழுப்புகிறது.

இடுகாடு இந்தியத் தாந்திரிக மரபில் பயிற்சிக்குரிய இடம். உலகியலார் பொன்னும் மணியும் பூணும் அதே உறுப்புகளில் பயிற்சியாளர் எலும்பைப் பூணுகிறார். மகுடம் மகுடமாகவே இருக்கிறது; பொன் மட்டும் எலும்பாக மாறிவிட்டது. இத்தலைகீழாக்கமே இவ்வணியின் உட்பொருள். பொன்னணிந்த உடலும் இறுதியில் இதுவே என அது அணியின் மொழியிலேயே கூறுகிறது. மேலும் எலும்பைப் பெறுதற்பொருட்டு எவ்வுயிரும் கொல்லப்படுவதில்லை. தானே இறந்தவரின் எலும்பு அது. இறப்பு கண்முன் நிற்கிறது; கொலை நிற்கவில்லை. இவ்வேறுபாடு அடுத்த பகுதிக்கு இன்றியமையாதது.

தோலும் நகமும்: எரிந்த குறியீடு

மூன்றாம் வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. புலி, சிறுத்தை, நீர்நாய் ஆகியவற்றின் தோலும், கரடி, புலி ஆகியவற்றின் நகமும் இதனுள் அடங்கும். நகங்கள் வெள்ளிப்பூண் கட்டிக் காப்பாக அணியப்பட்டன. தோல்கள் ‘சூபா’ எனப்படும் நெடுமேலாடையின் விளிம்பில் பட்டையாகத் தைக்கப்பட்டன. தோலைத் தனியே ஆடையெனப் பிரித்துவிடாமல் அணிகலனோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும். காம், ஆம்தோ பகுதிகளின் குதிரைத் திருவிழாக்களில் பெரும்பவளமும் அம்பரும் புலித்தோல் பட்டையும் ஒரே ஒப்பனையின் கூறுகளாகவே விளங்கின.

புலித்தோலின் வரலாறு நீண்டது. 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை நிலவிய திபெத்தியப் பேரரசில் போரில் வீரம் காட்டியோர் புலித்தோல் சின்னம் பெற்றனர். கோழைகளுக்கு நரிவால் இழிவுச்சின்னமாயிற்று. பௌத்த ஓவியங்களில் சினமுடைய தெய்வங்கள் புலித்தோலை இடையில் உடுத்துள்ளன. இவ்வகையில் வீரம், தெய்வ ஆற்றல், குடிப்பெருமை ஆகிய மூன்று பொருளும் இத்தோலில் திரண்டிருந்தன. பட்டியல்முறை நோக்கில் இதனினும் உறுதியான குறியீடு வேறில்லை.

அவ்வுறுதியே 2006இல் உடைந்தது. அதற்கு முன்பே, 2005ஆம் ஆண்டில், காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள் திபெத்தியத் திருவிழாக்களில் புலி, சிறுத்தைத் தோல்கள் பெருமளவில் அணியப்படுவதைப் படங்களோடு வெளிப்படுத்தியிருந்தன. அத்தோல்களுள் பல இந்தியக் காடுகளில் களவாக வேட்டையாடப்பட்ட விலங்குகளினுடையவை. 2006 ஜனவரியில் ஆந்திரத்தின் அமராவதியில் நடைபெற்ற காலச்சக்கர விழாவில், திபெத்திலிருந்து வந்திருந்தோர் உட்படப் பெருந்திரளான மக்கள் முன் தலாய் லாமா இவ்வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். காட்டுயிர்ப் பொருள்களை வாங்கவோ விற்கவோ அணியவோ வேண்டாம் என அறிவுறுத்தினார். அடுத்த சில வாரங்களில் திபெத்தின் பல பகுதிகளில், குறிப்பாக ஆம்தோவில், மக்கள் தாம் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய தோல்களைப் பொதுவிடங்களில் குவித்து எரித்தனர். அச்செயலுக்கு அரசியற் பொருளும் உண்டு. சீன அதிகாரிகள் அதனைத் தலாய் லாமாவின் செல்வாக்குக்குச் சான்றாகவே கண்டனர். எனினும் குறியீட்டாய்வு நோக்கில் ஒன்று தெளிவாகிறது. ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு குறியீடு சில வாரங்களில் தன் பொருளை இழந்து, மானக்கேட்டின் குறியாயிற்று.

தோல் மாறவில்லை, அதன் நிறமோ வடிவோ மாறவில்லை. மாறியது தொலைவு. அதுவரை புலித்தோல் வீரத்தின் சின்னமாக வந்துசேர்ந்தது. அதன்பின் கொல்லப்பட்ட ஒரு புலியின் உடலாகக் காட்சியளித்தது. எங்கோ நிகழ்ந்த கொலை அணிபவரின் தோளுக்கே வந்துவிட்டது. எலும்பணியைப் போல அது இறப்பைக் காட்டிற்று. ஆயின் எலும்பணிக்கு இல்லாத கொலையையும் சேர்த்துக் காட்டிற்று. அந்நிலையில் குறியீடு நிற்கவியலாமற் போனது.

மறைந்து நிற்கும் வினா

இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாயின் ஒரு கடினமான வினாவை எதிர்கொள்ள வேண்டும். தோலுக்குப் பொருந்திய நீதி சங்குக்கும் பவளத்துக்கும் பொருந்தாதா? மன்னார்க் கடலில் குளிக்கப்படும் சங்குகளுள் மதிப்புடையது உயிருள்ள சங்கே. இறந்து மணலில் கிடக்கும் ஓடு மங்கி, அரிப்புண்டு விலை குறைந்துவிடும். எனவே மங்கல ஒலி எழுப்பும் வெண்சங்கும், மறுமை வழிக்கு ஒளியாகும் வளையும், கொல்லப்பட்ட ஓர் உயிரின் ஓடாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று அதனை எடுத்தவரின் இடரும் அவ்வெண்மைக்குப் பின்னால் உள்ளது. இமயத்தை அடையுமுன் இரண்டும் கண்ணுக்கு மறைந்துவிட்டன.

பௌத்த விநயம் புலால் உண்ணுதல் பற்றி வகுத்த ஒரு விதி இவ்விடத்தில் ஒளி தரும். தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டிராத, கேட்டிராத, ஐயுற்றிராத ஊனைத் துறவி ஏற்கலாம் என்பது அவ்விதி. கடல்மணிகளைத் திபெத்தியப் பண்பாடு ஏற்றுக்கொண்ட முறை இவ்விதியின் நிழலில் அமைந்தது எனக் கருத இடமுண்டு. காணாமை, கேளாமை, ஐயுறாமை ஆகிய மூன்றையும் நெடுந்தொலைவு தானே உறுதிசெய்தது. இவ்விதிக்கு எதிரான வாதத்தைத் தமிழ் மரபு நன்கறியும். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், கொள்வார் இல்லையெனில் விற்பாரும் இல்லை என்னும் ஏரணத்தை முன்வைத்து, உண்பவனையும் கொலைக்குப் பொறுப்பாக்குகிறது. 2006இல் அமராவதியில் ஒலித்த அறிவுரையும், வாங்குவதைக் கொல்வதோடு இணைத்த வகையில், இதே ஏரணத்தின்பால் நகர்ந்தது என்பது கருதத்தக்கது. விநயம் தொலைவை ஏற்றது. இவ்வறிவுரை தொலைவை ஏற்கவில்லை.

இவ்வேரணத்தை முழுவதும் நீட்டினால் கடல்மணிகளின் குறியீடும் ஆட்டங்காணும். ஆயின் நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை. பவளமும் சங்கும் இன்றும் அணியப்படுகின்றன. விலையுயர்ந்த பவளத்துக்கு ஈடாகச் சாயமேற்றிய வேறினப் பவளமும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சந்தையில் உள்ளன. மனித எலும்புக்கு ஈடாக யாக் எலும்பு செபமாலைகள் புழங்குகின்றன. இம்மாற்றுகளைப் ‘போலி’ என்று ஒதுக்குதல் விற்பனையாளரின் நோக்கு. குறியீட்டாய்வாளர்க்கு அவை மதிப்புமிக்க சான்று. செம்மை நிறமே வசப்படுத்தும் சடங்கின் தேவையாயின், கண்ணாடியும் அத்தேவையை நிறைவு செய்யக்கூடும். குடும்பத்தின் பெருமையே தேவையாயின் கண்ணாடி பயன்படாது. எந்த இடத்தில் மாற்றுப்பொருள் ஏற்கப்படுகிறது, எந்த இடத்தில் மறுக்கப்படுகிறது என்று நோக்கினால், அவ்விடத்தில் குறியீட்டை நிறம் தாங்குகிறதா, விலை தாங்குகிறதா, உயிர் தாங்குகிறதா என்பதை அறியலாம். பட்டியலைவிட இது நம்பத்தக்க அளவுகோல்.

ஆய்வுமுறை குறித்து

ராபர்ட் பீர் 1999இல் வெளியிட்ட திபெத்தியச் சின்னங்கள் பற்றிய கலைக்களஞ்சியம் இத்துறையில் பெரிதும் பயன்படுத்தப்படுவது. அது ஓவிய மரபை அடிப்படையாகக் கொண்டது. அவ்வெல்லைக்குள் அதன் பயன் மிகுதி. ஓவியத்திலுள்ள பவளக் கிளைக்குரிய விளக்கத்தை எடுத்து, உழைக்கும் பெண்ணொருத்தியின் கழுத்திலுள்ள பவளத்துக்கு அப்படியே பொருத்துவதே பிழையாகிறது. ஓவியப் பவளத்தை யாரும் அடகு வைப்பதில்லை. மகளுக்குச் சீதனமாகத் தருவதில்லை. லடாக்கில் ‘பெரக்’ என்னும் தலையணி தாயிடமிருந்து மூத்த மகளுக்குச் செல்வது மரபு. 1959க்குப் பின் ஏதிலியராக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்தோர் பலர் தம் அணிகளை விற்றே முதற்சில ஆண்டுகளைக் கடந்தனர். அவ்வாறு விற்கப்பட்டவையுள் பல இன்று மேலைநாட்டுக் கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. அவற்றின் அருகே ‘பவளம்: உயிராற்றல்’ என்று எழுதிவைக்கும்போது, அப்பவளம் ஒரு குடும்பத்துக்கு உண்மையிலேயே உயிர்ப்பொருளாக இருந்த கதை அக்குறிப்பில் இடம்பெறாமற் போகிறது. 2004இல் வெளிவந்த ஜான் கிளார்க்கின் நூல் வட்டாரம், குடிநிலை, அணியும் சூழல் ஆகியவற்றோடு அணிகளை வைத்து நோக்குவதால், இக்குறையைப் பெருமளவு தவிர்க்கிறது.

முடிவுரை

திபெத்திய அணிகலன்களில் விலங்குவழிப் பொருள்களின் குறியீடு பண்டத்தில் உறைந்துள்ள நிலையான கருத்தன்று. கடல்மணிகளில் நெடுந்தொலைவு இறப்பை மறைப்பதால் அவை செல்வமும் காப்பும் ஆயின. எலும்பணிகளில் இறப்பு கொலையின்றிக் காட்டப்படுவதால் அவை மெய்யறிவுக்குரிய கருவியாயின. தோலிலும் நகத்திலும் இறப்பு பெருமையின் பெயரால் மூடப்பட்டிருந்தது. அம்மூடல் 2006இல் விலக்கப்பட்டதும் குறியீடு எரிந்தது. செபமாலையில் நிறம் தோற்றுவாயை வென்றது. எலும்பு ஒன்றே அதற்குக் கீழ்ப்படியவில்லை.

ஆகவே ஓர் அணியைக் கண்டவுடன் ‘இது எதைக் குறிக்கிறது’ என வினவுவதற்கு முன், ‘இது எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது’ என வினவுதல் வேண்டும். மன்னார்க் கடலிலிருந்து லாசா வரை சென்ற வெண்சங்கின் பாதையைத் தமிழகத் தரவுகளையும் வங்கத் தரவுகளையும் திபெத்தியத் தரவுகளையும் ஒருசேர வைத்து ஆராயும் பணி இன்னும் விரிவாகச் செய்யப்பட வேண்டியுள்ளது. சங்கு குளித்தோரின் மொழியையும் கடலையும் அறிந்த தமிழாய்வாளர் அப்பணியை மேற்கொள்வது பொருத்தமுடையது.